செல்போன் கோபுரக் கதிர்வீச்சு: கருவி 240 காட்டுகிறது, உதவுங்கள்

சத்துவாச்சாரி மாடிவீடு: எதிர்வீட்டு மாடியில் செல்போன் கோபுரம் நிற்பதால், நானும் குழந்தையும் எவ்வளவு கதிர்வீச்சில் இருக்கிறோம் என்று பார்க்க இணையத்தில் ஒரு கருவி வாங்கினேன். கட்டிலின் தலைமாட்டில் அது 240 காட்டிச் சிவப்பு விளக்கோடு அலறுகிறது. மொட்டைமாடியில் 3 மட்டுமே காட்டுகிறது. அறையை மாற்றிவிட வேண்டுமா? அவசரம்.

காட்பாடி வாசகர்: 240 என்பது எந்த அலகில்? கருவியை எந்த முறையில் வைத்து அளந்தீர்கள்? அப்போது உங்கள் கைப்பேசி எங்கே இருந்தது?

பாகாயம் பெரியவர்: அலகெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் சன்னலுக்கு அலுமினிய வலை அடியுங்கள். எங்கள் வீட்டில் அடித்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வருகிறது.

கோட்டை அகழி: அலகு எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுகிறவர்களுக்கு விடை சொல்லியே களைத்துவிட்டேன். அது மீட்டருக்கு 240 வோல்ட் என்றால், கோபுர அலையாக இருக்கும் பட்சத்தில் சதுர மீட்டருக்கு 150 வாட்டைத் தாண்டும். 2012 செப்டம்பரில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த வரம்போ 900 மெகாஹெர்ட்சில் 0.45 வாட், அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 13 வோல்ட். கோபுரத்தை நேராகப் பார்க்கும் மொட்டைமாடியில் குறைந்து, சுவர் மறைக்கும் அறையில் கூடுவது கோபுரத்தின் வேலையாக இருக்க முடியாது. சுவருக்குள் ஓடும் ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் மின்புலத்தை அளந்துவிட்டுக் கோபுரத்தின்மேல் பழி போடுகிறீர்கள்.

காட்பாடி வாசகர்: கோட்டை அகழி ஐயா சொல்வது சரியா என்று எளிதில் சோதிக்கலாம். மெயினை இறக்கினால் மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு அதே தலைமாட்டில் அளந்து பாருங்கள்.

பாகாயம் பெரியவர்: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையே 2011இல் இந்த அலைகளைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஒயரிங் கதை பேசுகிறீர்களே?

கோட்டை அகழி: சேர்த்தது 2பி பிரிவில், அதாவது உண்டாக்கக்கூடுமோ என்ற ஐயம் மட்டுமே உள்ளவற்றில், சான்று குறைவு என்ற நிலையில்; அந்த முடிவுக்கு முக்கிய அடிப்படை காதோடு ஒட்டிப் பேசும் கைப்பேசி, கோபுரம் அன்று. உங்கள் வலைக்குள் சிக்னல் குறைந்தால், கோபுரத்தை எட்டுவதற்காகத் தலையணையருகே கிடக்கும் கைப்பேசிதான் தன் திறனைக் கூட்டிக்கொள்ளும்.

பாகாயம் பெரியவர்: என் கைப்பேசி இரவில் கூடத்தில் இருக்கும், தம்பி.

சத்துவாச்சாரி மாடிவீடு: இரண்டையும் அணைத்தேன், 240 போய் 6 ஆகிவிட்டது. நன்றி.

காட்பாடி வாசகர்: நல்லது. ஆனால் கோபுரத்தை நீங்கள் இன்னும் அளக்கவேயில்லை. கருவியில் கோபுர அலையை அளக்கும் உயர் அலைவரிசை முறை இருந்தால், கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையையும் நிறுத்தி, ஒரு கணம் தாவும் உச்ச எண்ணை விட்டுவிட்டு ஆறு நிமிடச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவியைச் சட்டைப்பையில் வைத்து அளந்தால் உடலே ஒரு பக்கத்தை மறைத்துவிடும். அதிலும் ஐயம் தீராவிட்டால், தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் வீட்டுக்கே வந்து அளந்து தருவார்கள். கருவியின் மாதிரி எண் என்ன?