மூன்றாம் பிறையில் அந்த ஒரு பாட்டு

கேத்தி நேசன்:
வயல்வெளி தமக்குப் பிடித்த படங்கள், பிடிக்காத படங்கள் என்று ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். பிடித்தவை: முள்ளும் மலரும், உதிரிப்பூக்கள், தண்ணீர் தண்ணீர், வீடு. அவற்றில் எனக்குச் சண்டையில்லை. பிடிக்காதவற்றில் முதலாவதாக, பாலு மகேந்திரா இயக்கிய மூன்றாம் பிறையை வைத்திருக்கிறார். ‘பொன்மேனி உருகுதே’ பாட்டு வந்த இடத்திலேயே படம் செத்துவிட்டதாம்! கமல்ஹாசனுக்கு முதல் தேசிய விருதையும் பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதையும் வாங்கித் தந்த படம் அது. அதை ஒரே ஒரு பாட்டைக் காட்டித் தள்ளிவிடுவதா? கேத்தி ரயில் நிலையத்தில், மழையில், தன்னை அடையாளம் தெரியாமல் பார்க்கிற பெண்ணின் முன்னால் கமல்ஹாசன் நடித்த சீனு குரங்காட்டம் ஆடுகிறானே, அந்தக் காட்சியைப் பார்த்த பிறகும் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்றால் அவர் படத்தைப் பார்க்கவில்லை. பாட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

வயல்வெளி:
முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். விருதைக் காட்டி வாயை அடைக்க வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு விருதுகளும் நடிப்புக்கும் ஒளிப்பதிவுக்கும் கிடைத்தவை. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது ஏழாவது மனிதன் படத்துக்குத்தான் போனது. அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

என் குறை எளிமையானது. விபத்தில் நினைவிழந்து, குழந்தையின் மனத்தோடு இருக்கிற பெண்ணை ஒருவன் பாலியல் விடுதியிலிருந்து மீட்டு வந்து தாயைப் போலக் காக்கிறான். ‘கண்ணே கலைமானே’ என்று கண்ணதாசன் எழுதிய தாலாட்டைப் பாடி அவளைத் தூங்க வைக்கிறான். இவ்வளவு கவனமாகக் கட்டிய ஒரு கதைக்குள், தலைமை ஆசிரியரின் இளம் மனைவியும் சீனுவும் மலைச்சரிவில் உடலை முறுக்கி ஆடுகிற பாட்டு எதற்கு? விநியோகஸ்தர் கேட்டிருப்பார், கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் நான் படத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். திரும்ப உள்ளே போக முடியவில்லை.

மதுரைக்காரன்:
வயல்வெளி சொல்வது சரி. வைரமுத்து எழுதிய பாட்டுகளிலேயே அந்தப் படத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத பாட்டு அதுதான்.

இசைப்பித்தன்:
பொன்மேனி உருகுதே பாட்டை எழுதியவர் கங்கை அமரன். வைரமுத்து எழுதியவை பூங்காற்று, வானெங்கும் தங்க விண்மீன்கள், நரிக்கதை. யார் எழுதியது என்றே தெரியாமல் பொருந்துகிறதா பொருந்தவில்லையா என்று தீர்ப்புச் சொல்வது என்ன துணிச்சல்!

மதுரைக்காரன்:
யார் எழுதினால் என்ன? பேச்சு பாட்டு தேவையா என்பதைப் பற்றி. பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

கேத்தி நேசன்:
பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்கத்தான் வேண்டும். பெயர்கூடத் தெரியாதவர்கள்தான் அந்தப் பாட்டை விநியோகஸ்தர் தலையில் கட்டுகிறார்கள். அந்தப் பாட்டு அந்தப் பெண்ணின் கற்பனை. சீனு அதில் ஆடவில்லை. அவள் கற்பனை செய்துகொண்ட சீனு ஆடுகிறான். வயதான கணவனோடு மலையூரில் அடைந்து கிடக்கிற ஓர் இளம்பெண்ணுக்குள் என்ன எரிகிறது என்பதை வசனம் வைக்காமல் இளையராஜாவின் தாளத்திலும் எஸ். ஜானகியின் குரலிலும் சொல்லிவிட்டார் இயக்குநர். அவள் இல்லாவிட்டால் சீனு யார்? ஆசையே இல்லாத மரக்கட்டை. கூப்பிட ஒருத்தி இருக்கிறாள், இவன் போகவில்லை. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், இவன் அவளைக் குழந்தையாகப் பார்க்கிறான். இந்த இரண்டும் எதிரெதிரே நின்றால்தான் அவன் கட்டுப்பாட்டுக்கு எடை வருகிறது. இதைப் புரிந்துகொள்ள முடியாதவர் உதிரிப்பூக்களைப் பிடித்த படம் என்று எழுதுவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

வயல்வெளி:
உதிரிப்பூக்களை ஏன் இழுக்கிறீர்கள்? போன முறை அதே படத்தை நான் புகழ்ந்தபோது, ‘மெதுவாக நகர்கிறது, புதுமைப்பித்தனின் சிற்றன்னையைப் படித்தவனுக்கு அந்தப் படம் தேவையில்லை’ என்று எழுதியவர் நீங்கள்தான். மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன்.

பாட்டுக்கு வருகிறேன். கற்பனை என்றே வைத்துக்கொள்வோம். திரையில் உடல் யாருடையது? கமல்ஹாசனுடையது. பார்க்கிறவன் கண்ணில் சீனுதான் ஆடுகிறான். சீனு ஆசையுள்ளவன் என்பது எனக்கு முன்பே தெரியும். அவன் அந்த விடுதிக்கு வாடிக்கையாளனாகப் போனவன். அங்குதான் விஜியை, நினைவிழந்த அந்தப் பெண்ணை, பார்க்கிறான். அதைவிடத் தெளிவாக அவன் ஆசையைச் சொல்ல வேண்டுமா? அதைச் சொல்லி முடித்த பிறகு இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து ஆடவிடுவது கதைக்காக அல்ல.

பழைய கொட்டகை:
நான் அந்தக் காலத்தில் படத்தைத் திரையரங்கில் பார்த்தவன். கூட்டத்தில் ஒரு பகுதி அந்தப் பாட்டுக்காகவே வந்தது. அதை மறைப்பதில் பயன் இல்லை. ஆனால் பாட்டுக்காக வந்தவர்கள்தான் கடைசிக் காட்சியில் பேச்சின்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பாட்டு இல்லையென்றால் அவர்கள் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். நண்பர்கள் கணினித் திரையில் தனியாகப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

வயல்வெளி:
ஐயா, உங்கள் வயதை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. கூட்டம் சேர்க்க வைத்த பாட்டு என்று நீங்களே சொல்கிறீர்கள்.

பழைய கொட்டகை:
நான் அப்படிச் சொல்லவில்லை. என் சொல்லை நீங்கள் திருப்புகிறீர்கள். கூட்டம் எதற்கு வந்தது என்று சொன்னேன். இயக்குநர் எதற்கு வைத்தார் என்று சொல்லவில்லை.

தேவகி:
இவ்வளவு நேரம் ஆண்கள் ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருக்கிறீர்கள். சில்க் ஸ்மிதாவின் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை. ‘தலைமை ஆசிரியரின் மனைவி’, ‘ஒருத்தி’, ‘இன்னொரு பெண்’! அதற்கு முந்தைய ஆண்டு, 1981இல், அலைகள் ஓய்வதில்லை படத்தில் தியாகராஜனின் மனைவியாக அவர் நடித்ததைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? அவரால் நடிக்க முடியும் என்று அந்தப் படமே காட்டிவிட்டது. அப்படிப்பட்ட நடிகையை மூன்றாம் பிறையில் ஏக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தினார்கள். பாட்டு தேவையா என்று கேட்கிறீர்கள். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு முடிவு, ஒரு முகம், ஒரு நாள் வாழ்க்கை கொடுத்தார்களா என்று கேட்க மாட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். சீனுவைத் தெய்வமாக்குகிறீர்கள். மனத்தால் குழந்தையாகிவிட்ட பெண்ணை அவளுடைய பெற்றோரிடம் சேர்க்காமல் மலையில் தன் வீட்டில் வைத்திருக்கிறான். அங்கே பெற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இது அன்பா? கடைசியில் அவள் மறந்துவிட்டாள் என்று அவனுக்காக அழுகிறோம். அவளுக்காக யார் அழுதார்கள்?

கேத்தி நேசன்:
சகோதரி, சில்க் ஸ்மிதாவைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் சீனுவைப் பற்றிச் சொன்னது அநியாயம். அவள் யார், எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியாது. பாக்யலட்சுமி என்ற அவளுடைய உண்மைப் பெயரே அவனுக்குத் தெரியாது. யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பான்? வைத்தியரிடம் அவளைச் சேர்த்தவன் அவன்தான். குணமானால் அவள் தன்னை விட்டுப் போய்விடுவாள் என்ற அச்சத்தை வைத்துக்கொண்டே சேர்த்தான்.

சில்க் ஸ்மிதாவுக்குப் பாத்திரம் இல்லை என்கிறீர்கள். அந்தப் பாட்டுதான் அவருடைய பாத்திரம். அதை வெட்டச் சொல்கிறவர் வயல்வெளி. உங்கள் கோபம் அவர்மேல் போக வேண்டும்.

தேவகி:
என் கோபம் எங்கே போக வேண்டும் என்று நான் முடிவு செய்துகொள்வேன். ‘பாட்டுதான் பாத்திரம்’ என்று நீங்கள் சொன்னதைத்தான் நான் குற்றமாகச் சொல்கிறேன். காவல் நிலையம் என்று ஒன்று இருப்பது ஒரு பள்ளி ஆசிரியருக்குத் தெரியாதா?

இசைப்பித்தன்:
ஒன்றை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். பாலு மகேந்திராவும் இளையராஜாவும் முதலில் சேர்ந்தது 1980இல், மூடுபனியில். இளையராஜாவுக்கு அது நூறாவது படம். அழியாத கோலங்கள் வரைக்கும் சலில் சௌத்ரியோடு இருந்தவர், அதற்குப் பிறகு பெரும்பாலும் இளையராஜாவோடுதான் இருந்தார். இந்த இயக்குநருக்குப் பாட்டை எங்கே வைப்பது என்று தெரியாது என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பேசலாம்.

வயல்வெளி:
இளையராஜாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னேனா? பாட்டு நல்ல பாட்டு. ஜானகி அருமையாகப் பாடியிருக்கிறார். தனியாகக் கேட்டால் நானும் ரசிக்கிறேன். அது அந்தப் படத்தில் இருக்கக் கூடாது என்கிறேன். இந்த வேறுபாடு இங்கே ஒருவருக்கும் புரியவில்லை.

பாலு மகேந்திராவைக் கொண்டே பேசுகிறேன். 1988இல் அவர் எடுத்த வீடு படத்தில் ஒரு பாட்டு உண்டா? கிடையாது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த இசை மட்டும்தான். அர்ச்சனாவும் சொக்கலிங்க பாகவதரும் ஒரு வீடு கட்டப் படும் பாடுதான் முழுப் படம். கனவு இல்லை, நடனம் இல்லை. தன் விருப்பப்படி எடுக்க முடிந்தபோது அவர் எதை விட்டார் என்று பாருங்கள். பொன்மேனியைத்தான் விட்டார். வீடு எனக்குப் பிடித்த பட்டியலில் ஏன் இருக்கிறது, மூன்றாம் பிறை ஏன் அங்கே இல்லை என்பதற்கு இதைவிட விளக்கம் தர என்னால் முடியாது.

கேத்தி நேசன்:
வீட்டில் பாட்டு இல்லை என்பதால் மூன்றாம் பிறையில் பாட்டு தப்பு என்பது என்ன கணக்கு? அப்படியென்றால் கண்ணே கலைமானேயும் தப்பு. பூங்காற்றும் தப்பு. அவற்றை மட்டும் ஏன் விட்டுவைக்கிறீர்கள்? உங்களுக்குப் பாட்டுமேல் கோபமில்லை. உடல்மேல்தான் கோபம். திரையில் ஒரு பெண் ஆசைப்பட்டால் உங்களுக்குக் கூசுகிறது. அதைக் கலை என்ற பெயரில் மறைக்கிறீர்கள்.

உங்கள் பட்டியலில் இருக்கிற முள்ளும் மலரும் படத்தில் ‘நித்தம் நித்தம் நெல்லுச் சோறு’ பாட்டு இருக்கிறதே! கதை அங்கே நிற்கவில்லையா? நாயகன் காளி கை இழக்கிற கதையில் சோற்றுக்கும் குழம்புக்கும் ஒரு பாட்டு. அதை மகேந்திரன் வைத்தால் மேதைமை, பாலு மகேந்திரா வைத்தால் வியாபாரம். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் இதே பாலு மகேந்திராதான் என்பதாவது நினைவிருக்கிறதா?

வயல்வெளி:
நினைவிருக்கிறது. 1978. நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். காளியின் மனைவி மங்கா சாப்பாட்டுப் பிரியை. வாணி ஜெயராம் பாடுகிற அந்தப் பாட்டு அவளுடைய குணத்தை அப்படியே எடுத்து வைக்கிறது. காளிக்கும் அவளுக்கும் இடையே இருக்கிற உறவும் அதில் இருக்கிறது. கதை நிற்கவில்லை, நடக்கிறது.

கேத்தி நேசன்:
அதே வாக்கியத்தை எடுத்து, மங்கா இருக்கிற இடத்தில் தலைமை ஆசிரியரின் மனைவியை வையுங்கள். அவளுடைய குணத்தை அந்தப் பாட்டு அப்படியே எடுத்து வைக்கிறது. முடிந்தது. உங்கள் வாதத்தால் உங்களுக்கே பதில் சொல்லிவிட்டேன்.

வயல்வெளி:
முடியவில்லை. மங்கா அந்தக் கதையின் எலும்பு. இவள் ஒட்டவைத்த தோல். அந்தப் பாத்திரத்தையே எடுத்துவிட்டுப் படத்தை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். கேத்தி ரயில் நிலையத்தில் ஒரு நொடியாவது மாறுகிறதா? சீனு அதே மழையில் விழுகிறான், அதே குரங்காட்டம் ஆடுகிறான், அவள் அவனைப் பிச்சைக்காரன் என்று நினைக்கிறாள், ரயில் கிளம்புகிறது. எதுவும் மாறாது.

மதுரைக்காரன்:
இதற்கு இதுவரை பதில் வரவில்லை.

கேத்தி நேசன்:
பதில் வரும், பொறுங்கள். பாட்டை எழுதியவர் யார் என்பதற்கே உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

மாறும் என்கிறேன். அந்தப் பெண் இல்லாவிட்டால் ரயில் நிலையத்தில் சீனு இழப்பது ஒரு குழந்தையை மட்டும். அவள் இருப்பதால்தான், தனக்குக் கிடைக்கக்கூடிய ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனக்கு ஒருபோதும் கிடைக்காத ஒருத்தியைக் காத்தவன் என்று அவனைப் பார்க்கிறோம். அதனால்தான் அந்த மழை அப்படி வலிக்கிறது. பாலு மகேந்திரா அடுத்த ஆண்டே இந்தப் படத்தை இந்தியில் சத்மா என்று எடுத்தார். தேவையில்லாத பாத்திரம் என்றால் அப்போது வெட்டியிருக்கலாமே? வெட்டவில்லை. அதே பாத்திரத்துக்கு அதே சில்க் ஸ்மிதாவையே இந்திக்கும் அழைத்துப் போனார். அவருக்குத் தேவைப்பட்டது. உங்களுக்குத் தேவைப்படவில்லை. யார் சொல்வதை நான் எடுத்துக்கொள்வது?

தேவகி:
மறுபடியும் ‘அந்தப் பெண்’, ‘தனக்குக் கிடைக்கக்கூடிய ஒரு பெண்’. கிடைப்பதும் கிடைக்காததுமாகப் பெண்களைப் பிரித்துவிட்டுத்தான் சீனுவின் பெருமையை உங்களால் அளக்க முடிகிறது.

பழைய கொட்டகை:
சத்மா தமிழ்நாட்டில் மூன்றாம் பிறைக்கு நிகராகப் பேசப்படவில்லை. அதை எதற்கு இங்கே கொண்டுவர வேண்டும்?

கேத்தி நேசன்:
ஐயா, நீங்களுமா? பேசப்பட்டதா என்பது இங்கே கேள்வியே இல்லை.

வயல்வெளி:
சத்மாவிலும் அந்த இடத்தில் ஒரு நடனம் இருக்கிறது என்பது இரண்டாவது முறையும் வியாபாரம் கேட்டது என்பதற்குச் சான்று. இரண்டு மொழியிலும் விநியோகஸ்தர்கள் ஒரே மாதிரிதான். மூன்றாம் பிறைக்கு ஆறு ஆண்டு கழித்து, யாரும் கேட்காத இடத்தில் அவர் வீடு எடுத்தார். என் பட்டியலை மாற்றப் போவதில்லை. மூன்றாம் பிறை பிடிக்காதவற்றில், முதல் இடத்தில், அப்படியே இருக்கும்.

இசைப்பித்தன்:
வீட்டுக்கு முன்பு அவர் எடுத்த நீங்கள் கேட்டவை, ரெட்டைவால் குருவி எல்லாம் எந்தப் பட்டியலில்? அவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்றாம் பிறையை மட்டும் எடுத்து வைத்து அடிக்கிறீர்கள்.

கேத்தி நேசன்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். வியாபாரத்துக்காக எடுத்த படங்களை விட்டுவிட்டு, உயிரைக் கொடுத்து எடுத்த படத்தைப் பிடித்துக்கொண்டார். வயல்வெளி, நீங்கள் பட்டியலை மாற்ற வேண்டாம். ஆனால் காரணத்தை மாற்றி எழுதுங்கள். ‘எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை’ என்று எழுதுங்கள். ‘படம் செத்துவிட்டது’ என்று எழுதியது இருக்கிறதே, அதை நீங்கள் எடுக்கும் வரை நானும் விடமாட்டேன்.

வயல்வெளி:
செத்துவிட்டது என்றுதான் எழுதினேன். மறுபடியும் எழுதுகிறேன்: பொன்மேனி உருகுதே தொடங்கிய இடத்தில் படம் செத்துவிட்டது.