ரெட் டாட் கமா மாதிரி தெரிகிறது. 300 டாலருக்குள் எந்த ப்ரிசம் எடுக்கலாம்?

டாலஸ்வாசி:
என் ரைஃபிள் ஏஆர்-15, 16 அங்குலக் குழல், 5.56 தோட்டா. ரேஞ்சில் பெரும்பாலும் 100 யார்டுக்குள்தான் சுடுவேன், எப்போதாவது 300. இப்போது மேலே இருப்பது ரெட் டாட் (குறிக்கு ஒளிப்புள்ளி காட்டும் சைட்), புள்ளி 2 எம்ஓஏ (கோண அளவு). புள்ளி எனக்கு வால் முளைத்த கமா மாதிரிதான் தெரிகிறது. கண்ணாடி போடுகிறேன், சிலிண்டர் பவரும் உண்டு. ப்ரிசம் (உள்ளே பட்டகக் கண்ணாடி வைத்த சின்ன ஸ்கோப்) எடுத்தால் தீரும் என்கிறார்கள். உருப்பெருக்கம் 1எக்ஸா, 3எக்ஸா? பட்ஜெட் 300 டாலர், கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை.

குறிமுள்:
காசை எடுக்கும் முன் கோளாறு கண்ணிலா, டாட்டிலா என்று பார்த்துவிடுங்க. தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்து டாட்டைப் பாருங்க. வாலும் கூடவே சாய்ந்தால் அது உங்க அஸ்டிக்மாட்டிசம், சிலிண்டர் பவர் போடுகிற அதே கண் குறை. தலை சாய்ந்தும் வால் இருந்த இடத்திலேயே நின்றால், ரைஃபிளைத் திருப்பினால் மட்டும் திரும்பினால், குற்றம் டாட்டில். போன் கேமராவில் எடுத்துப் பார்ப்பதும் உதவும். ஆனால் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட்டு எடுங்க, இல்லையென்றால் நல்ல டாட்டும் படத்தில் பூத்துத்தான் விழும்.

கண்தான் என்றால் ப்ரிசம் நல்ல வழி. ரெட் டாட்டில் நீங்க பார்ப்பது லென்ஸில் பட்டுத் திரும்பும் எல்இடி ஒளி. இருட்டுப் பின்னணியில் ஒரு ஒளிப்பொட்டு, கண்ணின் குறை அதில்தான் அப்பட்டமாகத் தெரியும். ப்ரிசத்தில் ரெட்டிக்கிள் (குறிபார்க்கும் அடையாளம்) கண்ணாடியிலேயே பொறித்த கறுப்புக் கோடு, பேட்டரி செத்தாலும் இருக்கும். ஐபீஸில் (கண் பக்க லென்ஸ்) ஃபோகஸ் திருத்தும் டயாப்டர் வளையம் உண்டு. ஒரு விஷயம்: டயாப்டர் கிட்டப்பார்வை, தூரப்பார்வையைத்தான் ஈடுகட்டும், சிலிண்டரை இல்லை. கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.

ஆப்டிக்ஸ்_அண்ணாச்சி:
மாடலுக்கு வருவோம். விலை ஏறி இறங்கும், இதெல்லாம் தோராயம்.

ப்ரைமரி ஆர்ம்ஸ் எஸ்எல்எக்ஸ் மைக்ரோப்ரிசம்: 1எக்ஸ் 250 பக்கம், 3எக்ஸ் 300 சொச்சம். உருவத்தில் சின்னது, மவுன்ட் கூடவே வருகிறது, தனிச்செலவு இல்லை. இந்த விலையில் என் முதல் கை இதற்குத்தான். பர்ரிஸ் ஏஆர்-332 பழைய டிசைன், 400 கிராம் பக்கம் கனக்கும். ஆனால் 3x32, அதாவது 32ஐ 3ஆல் வகுத்தால் எக்ஸிட் ப்யூபில் (ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம்) 10 மி.மீ.க்கு மேல், தலை கொஞ்சம் நகர்ந்தாலும் படம் போகாது. வோர்டெக்ஸ் ஸ்பிட்ஃபையர் எச்டி பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டும், வாரன்டிக்காக எடுப்பவர்கள் உண்டு.

கண்ணாடி போடுபவர் ஸ்பெக் ஷீட்டில் முதலில் தேட வேண்டியது ஐ ரிலீஃப், அதாவது ஐபீஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம். ட்ரிஜிகான் டிஏ31 அகாக் ப்ரிசம் ஆயிரம் டாலருக்கு மேல், அதன் ஐ ரிலீஃப் 1.5 அங்குலம்தான், மூக்குக்கண்ணாடி ஐபீஸில் இடிக்கிற தூரம். விலை குறைந்த 3எக்ஸ் ப்ரிசங்களில் இரண்டரை அங்குலத்தை ஒட்டிக் கிடைக்கிறது. இந்த விஷயத்தில் மலிவானதே தேவலை.

குறிமுள்:
100 யார்டுக்குள் மட்டும் என்றால் 1எக்ஸ் போதும், இரண்டு கண்ணும் திறந்து சுடலாம். 300ல் இலக்கைப் பிரித்துப் பார்க்கணும் என்றால் 3எக்ஸ். 5எக்ஸ் வேண்டாம், 10 யார்டில் திணறும். வாங்கும்போது வெயிலில் ரெட்டிக்கிளின் சிவப்பு வெளிச்சம் தெரியுமா என்றும் கேளுங்க. பல மலிவு ப்ரிசங்களில் மதிய வெயிலில் வெளிச்சம் இருக்கிற இடமே தெரியாது, கறுப்புக் கோட்டை வைத்துத்தான் சுடணும். சாயங்காலம் புதர் நிழலில் அந்தக் கறுப்பு தொலையும், அங்கேதான் சிஆர்2032 பேட்டரி வேலைக்கு வரும்.

டாலஸ்வாசி:
3எக்ஸ் மைக்ரோப்ரிசம் வந்துவிட்டது. மாட்டிப் பார்த்தால் ஓரத்தில் கறுப்புப் பிறை, ரெட்டிக்கிள் பஞ்சு மாதிரி. ரிட்டர்ன் அனுப்பவா?

ஆப்டிக்ஸ்_அண்ணாச்சி:
அவசரப்படாதீங்க தம்பி. கறுப்புப் பிறை என்றால் கண் சரியான தூரத்தில் இல்லை, அல்லது நடுவில் இல்லை. ரெட் டாட் இருந்த அதே ரெயில் ஸ்லாட்டில், முன்னால் தள்ளி மாட்டியிருப்பீங்க. ப்ரிசத்துக்கு அது ஆகாது. ரிசீவர் ரெயிலில் பின்னுக்குக் கொண்டு வாங்க, ஹேண்ட்கார்டு (குழலைச் சுற்றிய பிடி உறை) மேல் ஏறக்கூடாது. ரைஃபிள் காலி என்று உறுதி செய்துவிட்டு, கண்ணை மூடித் தோளில் வைத்து, கன்னம் படிந்ததும் திறங்க. வட்டம் முழுசாகத் தெரிகிற ஸ்லாட்தான் உங்க ஸ்லாட். ஒரு ஸ்லாட் இந்தப் பக்கம் அதிகம், அந்தப் பக்கம் குறைவு என்றால் ஸ்டாக்கை (தோளில் பதியும் பின்கட்டை) ஒரு க்ளிக் நகர்த்திச் சரிபண்ணுங்க. பிறை மேலேயோ கீழேயோ மட்டும் வந்தால் உயரம் ஒத்துவரவில்லை, பெட்டியில் இருக்கிற ஸ்பேசரைச் சேர்த்தோ எடுத்தோ பாருங்க.

இறுக்கும்போது மவுன்டைக் குழல் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்க. ரீகாயிலில் ரைஃபிள் பின்னால் போகும், ஸ்கோப் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கும். ஸ்லாட்டின் முன்சுவரில் முட்டி நின்றால் நகர இடமில்லை. டார்க் (இறுக்கும் முறுக்கு) அளவு மேனுவலில் போட்டிருப்பதுதான், கைக்கணக்கு வேண்டாம்.

பஞ்சு மாதிரி தெரிவது டயாப்டர். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ (சூரியன் பக்கம் வேண்டாம்) பார்த்து, வளையத்தை ஒரு கோடி வரை திருப்பிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டு வாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு விநாடிதான் பார்க்கணும், உடனே கண்ணை எடுக்கணும். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண்ணே ஃபோகஸைச் சரிக்கட்டிவிடும். அப்புறம் ரேஞ்சில் பத்து நிமிடத்தில் கண் வலிக்கும்.

டாலஸ்வாசி:
பிறை போயிற்று, கோடும் கூர்மை. 50 யார்டில் ஜீரோ செய்தேன் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி திருத்தினேன்). ரெட்டிக்கிளில் 300க்கான கோட்டை வைத்துச் சுட்டால் ஏறத்தாழ 5 அங்குலம் மேலே போகிறது.

குறிமுள்:
ஸ்கோப்பில் தப்பில்லை, ஜீரோவில்தான். 50 யார்டு ஜீரோவில் 55 கிரெயின் எடைத் தோட்டா 100ல் ஒன்றரை, இரண்டு அங்குலம் மேலே இருக்கும். 200ஐ ஒட்டித்தான் மறுபடி இறங்கி வரும். உங்க ரெட்டிக்கிளின் கோடுகள் 100 யார்டு ஜீரோவை நம்பி வரைந்தவை என்றால், 100ல் இருக்கும் அந்த மேல்தூக்கு 300ல் மூன்று மடங்காகும். நீங்க சொன்ன 5 அங்குலம் அதுதான். மேனுவலில் எந்த ஜீரோ, எந்த கிரெயின் என்று பார்த்து, அதே தூரத்தில் ஜீரோ பண்ணுங்க.

க்ளிக் கணக்கு: 1 எம்ஓஏ 100 யார்டில் 1 அங்குலத்தைவிடத் துளி கூட. டரட்டில் (குறியைத் திருத்தும் குமிழ்) 1/4 என்று இருந்தால் 100 யார்டில் 2 அங்குலம் இறக்க 8 க்ளிக், 1/2 என்றால் 4. மூன்று குண்டு சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவை வைத்துத் திருப்புங்க. ஒவ்வொரு குண்டுக்கும் திருப்பினால் ஜீரோ கையில் சிக்காது.

கோவை_ஏர்கன்:
இடையில் ஒரு கேள்வி. இதே ப்ரிசத்தை என் ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிளுக்கு யாராவது அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும்போது கொண்டுவந்தால் சரிப்படுமா?

ஆப்டிக்ஸ்_அண்ணாச்சி:
வேண்டாம் தம்பி. இந்த ப்ரிசங்களில் பாராலாக்ஸ் (தலை நகர்ந்தால் குறி விலகித் தெரிவது) பெரும்பாலும் 100 யார்டு பக்கம் நிலையாக வைத்தது, திருத்த முடியாது. 10 மீட்டரில் தலை சற்று நகர்ந்தாலே குறி மாறும். ஸ்ப்ரிங் கன்னில் பிஸ்டன் ஓடும்போது பின்னால் ஒரு உதை, போய் முட்டும்போது முன்னால் ஒரு உதை. அந்த இரண்டாவது உதையில்தான் அதற்கென்று கட்டாத ஸ்கோப்புகளின் உள்பாகம் கழன்றுபோகும். போதாததற்கு உங்க ரெயில் 11 மி.மீ. டவ்டெயில், இதன் மவுன்ட் பிக்காட்டினி ரெயிலுக்கானது, பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மேல், துப்பாக்கி ஸ்கோப் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருகிற பொருள், 0ஏ504 என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். யாரையும் சூட்கேஸில் போட்டு வரச் சொல்லாதீங்க. பாராலாக்ஸை 10 யார்டு வரை திருத்த முடிகிற, ஏர்கன் ரேட்டட் என்று போட்ட சாதாரண ஸ்கோப்பை அங்கேயே வாங்குங்க.

டாலஸ்வாசி:
100ல் மறுபடி ஜீரோ செய்தாயிற்று, 300 கோடு இப்போது இலக்குத் தகட்டின் நடுவில் அடிக்கிறது. 77 கிரெயினுக்கு மாறினால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்தா?

குறிமுள்:
ஜீரோவை மட்டும் 100ல் சரிபாருங்க, சில க்ளிக் மாறலாம். கோடுகளில் 200 வரை வித்தியாசம் தெரியாது. 300ல் கொஞ்சம் தாழ்வாக விழும். எவ்வளவு என்று தகட்டில் சுட்டுப் பார்த்து ஸ்டாக்கில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்க.