40,000 சாவு என்றார்கள், 21,500தானே ஆனது? கோவிட் கணக்கைப் பலகையில் எப்படி வரைவது

சாட்ஸ்வர்த் வாத்தியார் கேட்டது:

வணக்கம். கோயில் தமிழ்ப் பள்ளியின் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காக, தென்னாப்பிரிக்காவில் 2020 முதல் 2022 வரை கோவிட் ஓடிய கதையை ஒரே பலகையில் வரையப் பார்க்கிறோம். கீழே தேதி, மேலே தினசரித் தொற்று, பின்னணியில் லாக்டவுன் லெவல்கள் (5 மிகக் கடுமை, 1 மிகத் தளர்வு) நிறப் பட்டையாக. மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒன்று, 2020 மே மாதம் அரசு வெளியிட்ட முன்கணிப்பு. நவம்பருக்குள் 40,000 முதல் 50,000 பேர் வரை இறக்கலாம் என்றது. நவம்பர் கடைசியில் அரசுக் கணக்கு 21,500 சொச்சம். "சும்மா பயமுறுத்தினார்கள்" என்று எழுதச் சொல்கிறார்கள் கமிட்டியில் பாதிப் பேர். மீதிப் பாதிக்கு அதில் சம்மதமில்லை.

இரண்டு, 2021 டிசம்பர் 12-ல் ஒரே நாளில் 37,875. பலகையில் கோபுரம் மாதிரி நிற்கிறது. அதுதான் உச்சமா?

மூன்று, லாக்டவுன் தொடங்கிய 2020 மார்ச் 27 அன்று புதுத் தொற்று 243, மறுநாள் 17. இதை லாக்டவுனின் பலன் என்று காட்டலாமா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உம்கேனிக்கரை:

மூன்றாவதிலிருந்து வருகிறேன். அதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்.

243-க்கு அடுத்த நாள் 17. அதற்கடுத்த நாட்களையும் எடுத்துப் பாருங்கள்: 93, 46, 27. மொத்த எண்ணிக்கை 1,170, 1,187, 1,280, 1,326, 1,353 என்று போகிறது. கிருமி ஓர் இரவில் அடங்கி மறுநாள் துள்ளுவதில்லை. தொற்று உடம்பில் ஏறி அறிகுறி காட்ட அன்றைய வகைக்குச் சராசரி 5 நாள். அதன் பிறகு டெஸ்டுக்குப் போக இரண்டு மூன்று நாள், லேப் முடிவு வர இன்னும் சில நாள். மார்ச் 28-ல் எண்ணப்பட்டவர்கள் லாக்டவுனுக்கு வெகு முன்பே தொற்றியவர்கள். விதியின் பலன் எதுவானாலும் 10 முதல் 14 நாள் கழித்துத்தான் கணக்கில் தெரியும்.

அப்படியானால் ஏன் விழுந்தது? முதல் மூன்று வாரம் டெஸ்ட் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து திரும்பியவர்களும் அவர்களோடு பழகியவர்களும். மார்ச் 18-லிருந்து அந்த வரவு அடைபட்டது. ஊருக்குள் தேடிப்போய் டெஸ்ட் எடுப்பது இன்னும் சூடுபிடிக்கவில்லை. போதாததற்கு மார்ச் 28 சனிக்கிழமை. விழுந்தது பார்க்கும் கண், நோய் அல்ல. பலகையில் லாக்டவுன் தேதிக்கு ஒரு அழுத்தமான கோடு, அதிலிருந்து 12 நாள் தள்ளி ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். இரண்டாவது கோட்டுக்குப் பின்னால் நடப்பதைத்தான் விதியோடு சேர்த்துப் பேசலாம், அதையும் கொஞ்சம் தயங்கியே.

இனி டிசம்பர் 12. அந்த 37,875-ல் 19,840 பழைய பாக்கி. முந்தைய நாட்களில் எடுத்து, கணக்கில் ஏறாமல் கிடந்த டெஸ்டுகளை அன்று மொத்தமாகச் சேர்த்தார்கள். அன்றைய புதுக் கணக்கு 18,035 மட்டுமே. தொற்றுநோய் நிறுவனமான என்.ஐ.சி.டி. தன் அறிவிப்பிலேயே இதைப் பிரித்துச் சொன்னது. செய்தித் தலைப்பில் பெரிய எண் மட்டும் ஓடியது. இதற்கு மூன்று வாரம் முன்பும், நவம்பர் கடைசி வாரத்தில், ஆன்டிஜன் டெஸ்ட் பாக்கி 18,000-க்கு மேல் ஒரே நாளில் ஏறியது. அடுத்த ஓரிரு நாளில் ஓமிக்ரான் அறிவிப்பு வர, இரண்டையும் முடிச்சுப்போட்டு உலகமே அலறியது.

வரையும் முறை இது. மொத்த எண்ணிக்கைப் பட்டியலை எடுத்து, இன்றையதிலிருந்து நேற்றையதைக் கழித்துத் தினசரிக் கணக்கு எடுங்கள். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் தரவு அறிவியல் குழு இந்தப் பட்டியலைத் தொகுத்துப் பொதுவில் வைத்தது. பாக்கி ஏறிய நாட்களில் பாக்கியைக் கழித்து விடுங்கள். பிறகு 7 நாள் சராசரி. பாக்கியைக் கழிக்காமல் சராசரி போட்டால் 19,840-ஐ 7-ஆல் வகுத்த 2,834, ஏழு நாளும் கூடுதலாக ஏறி உட்காரும். கோபுரம் மறைந்து மேடாகிவிடும், மேடு இன்னும் ஆபத்து, யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சராசரியை ஏழாவது நாளின் மேல் வைக்காமல் நடுநாளான நாலாவதன் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் வளைவு மூன்று நாள் பின்தங்கும். தினசரி எண்களைச் சாம்பல் குச்சிகளாகவும் சராசரியைத் தடித்த கோடாகவும் போட்டால் பிள்ளைகளுக்கே வித்தியாசம் விளங்கும்.

பாக்கி நாட்களைத் தள்ளிவிட்டால் அலைகளின் ஒருநாள் உச்சம் இப்படி: முதல் அலை 2020 ஜூலை 24-ல் 13,944. இரண்டாவது 2021 ஜனவரி 8-ல் 21,980. மூன்றாவது 2021 ஜூலை 3-ல் 26,485. நாலாவது 2021 டிசம்பர் 15-ல் 26,976.

---

பீனிக்ஸ் கணக்கப்பிள்ளை:

முன்கணிப்புக்கு வருவோம். வாத்தியார் ஐயா, 40,000-ஐயும் 21,500-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பலகையே தப்பாகிவிடும். இரண்டும் வேறு வேறு பொருளை எண்ணுகின்றன.

21,500 என்பது டெஸ்டில் உறுதியாகி, மாகாணம் வழியாகப் பதிவானவர்கள். டெஸ்ட் எடுக்காமல் வீட்டிலேயே போனவர் அதில் இல்லை. 2020 மே கடைசியில் அரசு லேப்களில் 80,000-க்கு மேல் டெஸ்ட் தேங்கிக் கிடந்தது. டெஸ்டுக்கு வேண்டிய ரசாயனப் பொருள் தட்டுப்பாடு. அதன் பிறகு மேற்கு கேப் மாகாணம் டெஸ்டை ஆஸ்பத்திரி நோயாளி, சுகாதார ஊழியர், வயதானவர் என்று சுருக்கியது. முன்கணிப்போ டெஸ்ட் ஆனாலும் ஆகாவிட்டாலும் கோவிடால் இறப்பவர் அனைவரையும் பற்றியது.

அதற்கு இணையான எண் வேண்டுமானால் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வாரக் கணக்கை எடுங்கள். டெபி பிராட்ஷாவும், கேப் டவுன் பல்கலைக்கழகத்து ராப் டோரிங்டனும் சேர்ந்து நடத்தியது. உள்துறையின் மக்கள்தொகைப் பதிவேட்டில் ஏறும் சாவுகளை எண்ணி, வழக்கமான ஆண்டில் இந்த வாரத்தில் எத்தனை எதிர்பார்க்கலாம் என்பதைக் கழித்து, மிச்சத்தை 'மிகைச் சாவு' என்பார்கள். 2020 மே 6 முதல் ஜூலை 14 வரை அது 17,090. அதே நாளில் அரசுக் கணக்கு 4,500-ஐக்கூட எட்டவில்லை. ஆகஸ்ட் கடைசிக்குள் மிகைச் சாவு 40,000-ஐத் தாண்டிவிட்டது.

இதில் 'இயற்கைச் சாவு' என்ற பத்தியை மட்டும் எடுங்கள். மொத்தப் பத்தியை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். லாக்டவுனும் மதுத் தடையும் வந்ததும் சாலை விபத்தும் கொலையும் சடாரென்று குறைந்தன. அந்தக் குறைவு நோயால் கூடியதை ஓரளவு மூடிவிடும். இயற்கைச் சாவின் மிகையும் முழுக்கக் கோவிட் அல்ல. 85 முதல் 95 சதவீதம் வரை கோவிட் என்று அந்தக் குழுவே பின்னால் மதிப்பிட்டது. மீதி, கிளினிக்குக்குப் போகாமல் சர்க்கரை, காசநோய் முற்றியவர்கள் போன்றோர்.

சரி, முன்கணிப்பு ஜெயித்ததா? அப்படியும் எழுதாதீர்கள். சாவு எண்ணிக்கை கிட்டே வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில் தேவையைப் பல இடங்களில் கூடுதலாகப் போட்டார்கள். ஜோகன்னஸ்பர்க் நாஸ்ரெக் கண்காட்சி மையத் தற்காலிக ஆஸ்பத்திரியில் கட்டில்கள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. முன்கணிப்புக் கணக்கு மாதிரியில் ஒருவர் எவரோடு வேண்டுமானாலும் கலப்பார் என்று வைத்துக்கொள்வார்கள், நிஜத்தில் பயம் வந்ததும் ஜனங்கள் தாங்களே ஒதுங்கினார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். ஒருவர் சராசரியாக 1.5 பேருக்குப் பரப்புகிறார், ஒரு சுற்றுக்கு 5 நாள். 60 நாளில் 12 சுற்று. 1.5-ஐ 12 முறை பெருக்கினால் ஏறக்குறைய 130 மடங்கு. 1.5-க்குப் பதில் 1.3 வைத்தால் 23 மடங்கு. 0.2 அசைந்ததற்கு விடை ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. 2020 மே மாதத்தில் அந்த எண்ணை அவ்வளவு துல்லியமாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. அதனால் முன்கணிப்பை ஒரு கோடாக வரையாதீர்கள், விசிறியாக வரையுங்கள்: மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, நடுவில் நிறம். வெளியிட்ட தேதியை மேலே எழுதுங்கள். தேதி இல்லாத முன்கணிப்பு பஞ்சாங்கம் இல்லாத நல்ல நேரம் மாதிரி.

---

இசிபிங்கோ ரயில்:

கணக்கெல்லாம் சரி. ஆனால் ஜனங்களுக்குக் கோபம் வந்தது கணக்கால் அல்ல, விதியால். 2020 ஏப்ரல் 23-ல் ஜனாதிபதி ரமபோசா சிகரெட் விற்கலாம் என்று டிவியில் சொல்கிறார். 29-ம் தேதி அமைச்சர் தலமினி-சூமா இல்லை என்கிறார். சூப்பர்மார்க்கெட்டில் சுட்ட கோழி விற்கக்கூடாது. மே 12 கெசட்டில் அரைக்கைச் சட்டை உள்ளே குளிருக்குப் போடுவதாக விளம்பரம் செய்தால்தான் விற்கலாம். இதைப் படித்தவன் அடுத்த நாள் வருகிற நோய்க் கணக்கை நம்புவானா? தடை இருந்தும் சர்வேயில் புகைப்பவர்களில் 10-ல் 9 பேர் சிகரெட் வாங்கியே இருந்தார்கள். பலகையில் இதுவும் வரட்டும், இல்லாவிட்டால் அது அரசு நோட்டீஸ் போர்டு.

---

மெரிபேங்க் குமாஸ்தா:

இசிபிங்கோ அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிகரெட் தடையை 2020 டிசம்பரில் மேற்கு கேப் உயர் நீதிமன்றமே செல்லாதென்றது. ஆனால் அதற்குள் தடை எடுத்து நாலு மாதம் ஆகிவிட்டது. அதேபோல 2020 ஜூன் 2-ல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் லெவல் 4, லெவல் 3 விதிகளைச் செல்லாதென்றதும் 'லாக்டவுன் ரத்து' என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. தீர்ப்பை 14 நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள், அரசு மேல்முறையீடு போட்டது, 2021 ஜூலையில் அது மாற்றப்பட்டது. இடையில் ஒரு நாள்கூட விதி அமலில் இல்லாமல் போகவில்லை. பலகையில் ஜூன் 2-ல் இடைவெளி விடாதீர்கள்.

வாத்தியார் ஐயா, லெவல் நம்பரை வைத்து நிறம் தீட்டும் யோசனையைக் கைவிடுங்கள். லெவல் 3 என்பது ஒரே விதி அல்ல. 2020 ஜூன் லெவல் 3-ல் கோயிலில் 50 பேர் கூடலாம், சிகரெட் கிடையாது. 2020 டிசம்பர் 29-ல் வந்த 'திருத்திய' லெவல் 3-ல் சிகரெட் உண்டு, மதுவும் வழிபாட்டுக் கூட்டமும் பிப்ரவரி 1 வரை கிடையாது. 2021 தைப்பூசம் ஜனவரி 28. அதனால்தான் அந்த ஆண்டு காவடி ஊர்வலம் இல்லை. ஒரே நிறம் தீட்டினால் இரண்டும் ஒன்றென்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

பதிலாகத் தனித்தனி மெல்லிய பட்டைகள் போடுங்கள். மது விற்பனைத் தடைக்கு நாலு துண்டு: 2020 மார்ச் 27 முதல் மே 31, ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 17, டிசம்பர் 29 முதல் 2021 பிப்ரவரி 1, ஜூன் 28 முதல் ஜூலை 25. சிகரெட்டுக்கு ஒரே நீளத் துண்டு: 2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17. மூன்றாவது பட்டை கோயில் கூட்டத்துக்கு. அதில் ஒரு நுணுக்கம்: 2021-ல் 'உள்ளே 50, வெளியே 100' என்று இருந்தபோது, சின்ன மண்டபத்துக்கு அதன் கொள்ளளவில் பாதி என்பதும் சேர்ந்திருந்தது. இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. 60 பேர் கொள்ளும் மண்டபத்தில் 30. பலரும் 50 என்றே எடுத்துக்கொண்டார்கள்.

சாவு வீட்டு விதியும் வையுங்கள், பிள்ளைகளின் வீட்டில் அதுதான் அதிகம் பேசப்பட்டது. 50 பேர் என்ற வரம்பு எல்லாச் சாவுச் சடங்குக்கும் பொருந்தும் மாதிரித் தோன்றும், ஆனால் அப்படியல்ல. 2021 ஜூன் கடைசியில் வந்த லெவல் 4-ல் அடக்கம், தகனம் தவிர வேறெந்தக் கூட்டமும் கூடாது, அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள். முடிந்தபின் கூடிச் சாப்பிடுவதும் கூடாது. ஆகவே பதினாறாம் நாள் கருமாதிக்கு அந்த 50 பொருந்தவில்லை. அது சாவுச் சடங்குதானே என்று வாதாடியவர்கள் உண்டு. சட்டத்தின் கண்ணில் அது சாதாரண வீட்டுக் கூட்டம்.

---

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

மிக்க நன்றி. லெவல் பட்டையை எடுத்துவிட்டு மூன்று மெல்லிய பட்டைகள் போடுகிறோம். இன்னும் ஒன்று: அலை எந்தத் தேதியில் தொடங்கியது என்று அம்புக்குறி போட வேண்டும். செய்தித்தாள்களில் ஆளுக்கொரு தேதி இருக்கிறது.

---

உம்கேனிக்கரை:

சுகாதார அமைச்சரின் ஆலோசனைக் குழு ஒரு வரையறை வைத்திருந்தது. 7 நாள் சராசரி, முந்தைய அலையின் உச்சச் சராசரியில் 30 சதவீதத்தைத் தாண்டினால் புது அலை. உங்கள் சராசரிப் பத்தியில் முந்தைய உச்சத்தை 0.3-ஆல் பெருக்கி, அதைத் தாண்டும் முதல் தேதியில் அம்பு போடுங்கள். ஒருநாள் உச்சத்தை வைத்துப் பெருக்காதீர்கள், தேதி தள்ளிப்போகும். மாகாணத்துக்கு மாகாணம் தேதி வேறுபடும். குவாசூலு-நட்டாலுக்குத் தனி அம்பு வேண்டுமானால் மாகாணப் பத்தியைத் தனியாகச் சராசரி எடுங்கள். முதல் அலைக்கு இந்த முறை செல்லாது, முந்தைய அலை இல்லை. அதற்கு முதல் நோயாளி உறுதியான 2020 மார்ச் 5-ஐயே போட்டுவிடுங்கள். அதுவும் நம் குவாசூலு-நட்டாலில்தான்.