டோனி லாக்கெட்டின் 1360 கோலை எப்படி மதிப்பிடுவது?

கோல்கம்பம்:
ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலில் அதிக கோல் அடித்தவர் லாக்கெட்: 281 ஆட்டங்களில் 1360. ஆனால் சராசரியில் பீட்டர் ஹட்சன் (129 ஆட்டம், 727 கோல்), ஜான் கோல்மன் (98 ஆட்டம், 537) இருவரும் அவரைவிட மேலே. அப்படியானால் யார் பெரியவர்? இந்த எண்ணிக்கையை இன்று யாராலும் தொட முடியுமா?

சிவப்பு_வெள்ளை:
சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கோல்மனின் ஆட்டம் 1954இல் முழங்கால் காயத்தோடு முடிந்துபோனது. கால் தளரும் வயது அவர் கணக்கில் சேரவே இல்லை. லாக்கெட்டின் கணக்கில் அதுவும் சேர்ந்திருக்கிறது. ஓய்விலிருந்து 2002இல் திரும்பி வந்து 3 ஆட்டத்தில் 3 கோல்தான். அதைக் கழித்தால் 278 ஆட்டத்தில் 1357, அதாவது ஆட்டத்துக்கு 4.88.

செயின்ட் கில்டா அணியில் 183 ஆட்டம், 898 கோல். சிட்னி அணிக்குப் போனபின் 98 ஆட்டம், 462. ஊர் மாறியும் விளைச்சல் அதிகம் குறையவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உச்சம் என்றால் 1991: வெறும் 17 ஆட்டத்தில் 127 கோல்! கோர்டன் கவென்ட்ரி 1937இல் விட்டுப்போன 1299 என்ற சாதனையை 1999 ஜூன் 6 அன்று சிட்னி மைதானத்தில் தாண்டினார். எதிரே நின்றது கவென்ட்ரியின் அதே காலிங்வுட் அணி.

ஐம்பது_மீட்டர்:
எப்படி அடித்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே உடம்பால் தடுப்பாளரைப் பின்னால் நிறுத்திவிடுவார். மார்க் (உதைத்த பந்தைத் தரையில் படாமல் பிடிப்பது; பிடித்தவருக்குத் தடையில்லாமல் உதைக்க வாய்ப்பு) பிடித்தபின் நிதானமாக ட்ராப் பன்ட், அதாவது பந்தைக் கையிலிருந்து விட்டுத் தரையில் படுமுன் உதைப்பது. இந்த உதையில் பெரும்பாலான தவறு காலில் இல்லை, பந்தைக் கைவிடுவதில்தான். உயரத்திலிருந்து விட்டால் காலுக்கு வருமுன் பந்து சாய்ந்துவிடும். அது பக்கவாட்டில் பட்டு நடுக் கம்பங்களுக்கு வெளியே விலகி, கோலின் 6 புள்ளிக்குப் பதில் 1 புள்ளியாகிவிடும். உதைக்கும் கால் பக்கத்துக் கையால் தாழ வழிநடத்தி, பந்தின் கீழ்முனையில் பாதம் பட வேண்டும். அப்போதுதான் பின்னோக்கிச் சுழன்று நேராகப் போகும். ஓட்டமும் கோல் நடுவிலிருந்து மார்க் பிடித்த இடம் வழியாக வரும் கோட்டிலேயே இருக்க வேண்டும். விலகினால் நடுவர் 'ப்ளே ஆன்' (ஆட்டம் தொடரட்டும்) சொல்லிவிடுவார், தடுப்பாளர் பாய்ந்து வந்துவிடுவார்.

சிவப்பு_வெள்ளை:
இரண்டாவது கேள்விக்கு: முடியாது என்றே நினைக்கிறேன். அன்று ஃபுல் ஃபார்வர்டுக்கு (கோலுக்கு மிக அருகில் நின்று ஆடும் லாக்கெட் போன்ற தாக்குநருக்கு) முன்னால் காலி இடம், பக்கத்தில் ஒரே தடுப்பாளர். இன்று பந்து கோல் பக்கம் வரும்போதே மூன்று நான்கு பேர் பின்வாங்கி அந்த இடத்தை அடைத்துவிடுகிறார்கள். ஒரே பருவத்தில் 100 கோலைக் கடைசியாகத் தாண்டியவர் லான்ஸ் ஃபிராங்க்ளின், 2008இல். அவரே 354 ஆட்டம் ஆடி 1066இல் நின்றார். லாக்கெட் 100ஐத் தாண்டியது ஆறு முறை.

கோல்கம்பம்:
நன்றி. அந்த 1991 கணக்கைப் பார்த்தபின் என் ஓட்டு லாக்கெட்டுக்குத்தான்.