காளத்தித் தாண்டகம் ஓதக் கற்றுத்தர யாராவது உண்டா?

வணக்கம். நாங்கள் இருப்பது ஆந்திராவில், திருக்காளத்தி (ஸ்ரீகாளஹஸ்தி) பக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எங்கள் பிள்ளைகள் சொந்த ஊர்த் தேவாரப் பதிகங்களை முறையாக ஓத வேண்டும் என்று மிகவும் ஆசை. சம்பந்தரின் ‘சந்தமார் அகிலொடு’ கொல்லிப் பண், இப்போது நவரோஸ் ராகத்தில் பாடுவது. அதை ஒலிப்பதிவு கேட்டே ஓரளவு பிடித்துவிட்டார்கள்.

அப்பரின் ஆறாம் திருமுறைத் தாண்டகம்தான் (நீண்ட அடிகள் கொண்ட பாடல் வகை) சிக்கல். தாளம் இல்லாமல், ஹரிகாம்போதியில், நிதானமாக, சொல் சிதையாமல் ஓத வேண்டும். நீண்ட அடியில் எங்கே மூச்சு எடுப்பது, பாட்டுதோறும் முடிவில் வரும் ‘அவனென் கண்ணுளானே’யை எவ்வளவு இழுப்பது? இதற்கு ஓதுவார் ஒருவர் நேரில் உட்கார்ந்து சொல்லித் தந்தால்தான் சரி. ழகரமும் திருத்த வேண்டும்.

திருத்தணி, ஊத்துக்கோட்டை, திருப்பதிப் பக்கம் யாரையாவது தெரியுமா? ஞாயிறுகளில் பிள்ளைகளை நாங்களே அழைத்து வருகிறோம். தொலைபேசியில் சொல்லித் தந்தாலும் போதும்.