புதுப்பிப்பு: திருகோணமலை உப தபாலக மூடல் – தகவல் கோரிக்கையே பலன் தந்தது

திருகோணமலையை அண்டிய எங்கள் ஊரின் உப தபாலகத்தை மூடப்போவதை எமது தபால் ஊழியர் சங்கம் எவ்வாறு தடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை தந்த அனைவருக்கும் நன்றி. கையெழுத்து மனுவுக்குப் பதிலே வரவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காரணத்தைக் கேட்குமாறு ஒருவர் சொன்னதுதான் பலித்தது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பதால் கடிதம் மேசையில் தூங்கவில்லை. நாங்கள் எதிர்பாராத வகையில், வருமானக் குறைவு அல்ல, கட்டட வாடகை ஒப்பந்தம் முடிவடைந்ததே காரணமாம் (இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்). கிராம அபிவிருத்திச் சங்கம் ஓர் அறையை வழங்கியதால், தபாலகம் சென்ற வாரம் முதல் அங்கே இயங்குகிறது. விண்ணப்பத்தின் பிரதியையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். பதில் பிந்தினால் மேன்முறையீட்டுக்கு அவை தேவைப்படும்.