தோட்ட வேலைக்குப் பேட்டரிக் கருவியா, பெட்ரோல் கருவியா?

உயிர்வேலி:

இதுநாள் வரை ஆள் வைத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டோம். இனி நானே இறங்கலாம் என்றிருக்கிறேன். வீட்டின் முன்னும் பின்னும் புல், ஓரங்களில் முழங்கால் உயரக் களை, ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்ட வேலிச்செடிகள், ஓயாமல் உதிரும் இலைகள். பலத்த காற்றடித்தால் கிளை ஒடிந்து விழும், அது எப்போதாவதுதான். எந்த வேலையும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. மழைக்காலத்தில் வாரந்தோறும் வெட்ட வேண்டியிருக்கும், கோடையில் மாதக்கணக்கில் எதையும் தொடமாட்டேன். வீட்டில் 18 வோல்ட் பேட்டரி டிரில் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின்தான் உழைக்கும், மற்றதெல்லாம் விளையாட்டுப் பொருள் என்கிறார் மைத்துனர். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் எனக்குச் சத்தம்தான் யோசனையாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

நிழல்மரம்:

டிரில்லின் பேட்டரியிலேயே ஓடும் தோட்டக் கருவிகள் அந்த நிறுவனத்திடம் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான் போகிறது. அவை இல்லாமல் வெறும் கருவியை மட்டும் வாங்க முடியும். பொதுவாக ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றின் கருவியில் பொருந்தாது. அதனால் முதல் கருவியை வாங்கும்போதே அடுத்த நான்கையும் முடிவு செய்துவிடுகிறீர்கள்.

திருப்புளி:

சிறிய எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. பெட்ரோல் கருவி வேண்டாம் என்று நான் சொன்னால் அது என் சோற்றில் நானே மண் அள்ளிப் போடுவது. இருந்தாலும் உங்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

வேலை எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கருவி எவ்வளவு நாள் சும்மா கிடக்கும் என்று நான் கேட்பேன். என் பட்டறைக்கு வரும் பெட்ரோல் களைவெட்டிகளில் உழைத்துத் தேய்ந்தவை குறைவு, கிடந்து கெட்டவையே அதிகம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் வற்றி, பழுப்புநிறப் பிசினாகப் படிந்திருக்கும். பெட்ரோல் வரும் ஜெட் துளையோ தலைமுடி நுழையும் அளவுதான். பிசின் ஒரு பொட்டு போதும், அடைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே மெல்லிய டயாபிரம் ஒன்று இருக்கிறது. அது அசைந்தால்தான் எரிபொருள் உள்ளே வரும். புதிதில் விரல் பட்டாலே துவளும் அந்தத் தகடு, விறைத்துப்போன பிறகு அழுத்தினால் டப்பென்று ஒலிக்கும். அப்புறம் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் தோள்வலிதான் மிச்சம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் மோசம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனியே பிரிந்து நிற்கும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மசகு எண்ணெய் பெட்ரோலில் கலந்துதான் போகிறது. அடியில் நிற்கும் நீரில் அந்த எண்ணெய் இருக்காது. அதை உறிஞ்சி ஓடினால் பிஸ்டன் கீறிவிடும்.

கோடை முழுவதும் தொடமாட்டேன் என்கிறீர்கள். ஆகவே பேட்டரி.

சத்தமும் அதையேதான் சொல்கிறது. பெட்ரோல் இலை ஊதி பிடித்திருப்பவர் காதருகே 90 டெசிபெலைச் சாதாரணமாகத் தாண்டும். 85-க்கு மேல் நாள்முழுதும் கேட்டாலே செவிக்குக் கேடு. பேட்டரி ஊதியும் ஊமையல்ல. ஆனால் அதன் சத்தம் கீச்சென்று மெல்லியதாக இருப்பதால் சுவரைத் தாண்டும்போது அடங்கிவிடும். எஞ்சினின் உறுமல் சுவருக்கு அப்பாலும் கேட்கும்.

காடுவெட்டி:

திருப்புளி அண்ணன் சொல்வது வீட்டுத் தோட்டத்துக்குச் சரி. காலையில் தொடங்கி மாலை வரை புதர் வெட்டும் என்னைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது. 1 லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரியில் 0.09 மட்டுமே. எஞ்சின் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஐந்தில் ஒரு பங்குதான் வேலைக்கு வருகிறது என்று வைத்தாலும் அதற்கு ஈடாக இருபது பேட்டரி சுமக்க வேண்டும். மின்சாரமே இல்லாத இடத்தில் அவற்றை எங்கே சார்ஜ் செய்வது?

பெட்ரோல் கருவி வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள். பெட்ரோலுக்கு எண்ணெய் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய், 40:1 என்றால் 25. அளந்து ஊற்றுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோகும் அளவுக்கு மேல் கலந்து வைக்காதீர்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு, அதற்கு வாசனை கிடையாது.

உயிர்வேலி:

மூவருக்கும் நன்றி. ஒரு பெட்டியில் 20 வோல்ட் என்றும் இன்னொன்றில் 18 என்றும் போட்டிருக்கிறது. 20 தான் வலியதா? 40-க்குப் போக வேண்டுமா?

திருப்புளி:

இரண்டும் ஒன்றே. உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கின்றன. சராசரியாக ஒரு செல்லுக்கு 3.6 என்று கணக்கிட்டால் 18, சார்ஜ் நிரம்பிய நிலையை வைத்துச் சொன்னால் 20. பெரிய எண் விற்கும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. 40 என்று விற்பதும் அப்படித்தான், சராசரியில் 36.

பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று தெரிய வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்குங்கள். உங்கள் 18 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர் மணி பேட்டரி போட்டால் 90 வாட் மணி. இலை ஊதியை முழு வேகத்தில் வைத்து அது 500 வாட் இழுத்தால் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வேலிச்செடி வெட்டும் கருவி அவ்வளவு இழுக்காது, சின்ன பேட்டரியே போதும். ஆக, வேலிக்கும் களைக்கும் இருக்கிற 18 வோல்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள். புல்தரை பெரிதென்றால் புல்வெட்டிக்கு மட்டும் 36. மோட்டார் பிரஷ்லெஸ் வகையா என்று பார்த்து வாங்குங்கள். கார்பன் பிரஷ் உரசித் தேயும் தொல்லை அதில் இல்லை.

கோடையில் பேட்டரியைப் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். முழுதாக நிரப்பிச் சூடான கொட்டகையில் போட்டால் சீக்கிரம் கிழடு தட்டிவிடும். வேலை முடித்த கையோடு சூடான பேட்டரியைச் சார்ஜரில் செருகாதீர்கள், ஆறட்டும்.

விழுந்த கிளைக்கு இப்போதைக்குக் கைரம்பம் போதும். செயின்சா என்கிற சங்கிலி ரம்பம் வாங்கினால், பேட்டரியில் ஓடுவதற்கும் சங்கிலி எண்ணெய் ஊற்றியே ஆக வேண்டும். சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் நுனி மேல்பகுதி மரத்தில் இடித்தால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். அது எதில் ஓடினாலும் துள்ளல் ஒன்றுதான்.

காடுவெட்டி:

களைவெட்டியில் சுழன்று வெட்டும் நைலான் இழையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 1971-இல் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து, ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டாராம். களைவெட்டி அப்படிப் பிறந்ததுதான். கோடை முழுவதும் கிடந்த இழை காய்ந்து பொடுக்பொடுக்கென்று ஒடியும். சுருளை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி வளைந்துகொடுக்கும். உங்கள் கருவிக்கு இழையின் தடிமன் 1.6 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் 2.4 மாட்டாதீர்கள், மோட்டார் திணறும்.